சேமித்து வைத்த 214 வீடியோக்களும் படிக்காமல் விட்ட ஒரு வரியும்

திருப்பூர் பக்கமிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, சுருக்கத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

வயது 44. பனியன் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. மாதச் சம்பளம் 19,500 ரூபாய். கணவர் நாலு பவர் டேபிள் போட்டு ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக் கொடுக்கிறார். மகள் பிளஸ் டூ, மகன் எட்டாம் வகுப்பு, கூடவே மாமியார். காலை ஐந்து மணிக்கு எழுந்து டிபன் பாக்ஸ்களைக் கட்டி, 8.10க்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடித்தால் வீடு திரும்ப இரவு ஏழேகால். பாத்திரம் கழுவி அடுப்படியைத் துடைத்து முடிக்கும்போது மணி பத்தரை.

ஏழு மாதத்துக்கு முன்பு கம்பெனியில் மருத்துவ முகாம் நடந்திருக்கிறது. "சுகர் பார்டர்ல இருக்குதுங்க, சாப்பாட்டைக் குறைங்க, நடங்க" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். இவருடைய அப்பா சர்க்கரை நோயால் கால்விரலை இழந்தவர். பயந்துபோனவர் அன்று இரவே போனை எடுத்திருக்கிறார். பத்தரையிலிருந்து பன்னிரண்டரை வரை உணவு, உடற்பயிற்சி, இன்சுலின், விரதம் என்று எதையாவது பார்ப்பது. முடியாததைச் சேமித்து வைப்பது. இன்றைக்குச் சேமிப்பில் 214 வீடியோ. புத்தகக் கண்காட்சியில் வாங்கிய இரண்டு புத்தகங்கள் பீரோ மேல் பிரிக்காமல் இருக்கின்றன. "எல்லாத்தையும் முழுசாத் தெரிஞ்சுக்கிட்டு முறையா ஆரம்பிக்கலாம்னு நினைச்சேன். படிக்கவே நேரம் பத்தலை. எந்நேரமும் போனுதானான்னு வீட்டுக்காரர் கேக்கறாரு" என்கிறார்.

இடையில் சிலவற்றைச் செய்தும் பார்த்திருக்கிறார். மூன்று வாரம் சோற்றையே நிறுத்தினார், நாலாவது வாரம் வெறியோடு சாப்பிட்டார். இரவில் ராகி மட்டும். மதியமும் இரவும் சாப்பிட்டவுடன் கொழுப்புக் கரைய க்ரீன் டீ. இது இன்னும் தொடர்கிறது. தினம் 10,000 அடி நடக்க முயன்று, 4,000, 4,500க்கு மேல் வராததால் விட்டுவிட்டார். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, அது தன் சோம்பேறித்தனம் என்று நினைக்கிறார். போகிற போக்கில் ஒரு வரி: மாதவிலக்கு இப்போதெல்லாம் எட்டு நாள் நீடிக்கிறது.

அவர் முக்கியமாகக் கேட்பது மூன்று. உடன் வேலை செய்யும் பெண் நாலு மணிக்கே எழுந்து உடல்நலப் புத்தகம் படிக்கிறாராம். தானும் அப்படி நேரம் ஒதுக்கலாமா? ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுக்கிறாரே, யாரை நம்புவது? நாத்தனார் வாட்ஸப்பில் அனுப்பிய, "45 நாளில் சர்க்கரையை வேரோடு நீக்கும்" பொடியை 2,400 ரூபாய் கொடுத்து வாங்கலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கூடவே அனுப்பிய ரிப்போர்ட்டின் படத்தை மூன்று முறை படித்தேன். உங்களுக்குப் படிக்க நேரமில்லை என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ராத்திரிக்கு இரண்டு மணி நேரம் என்றால் வாரத்துக்குப் பதினான்கு மணி நேரம். படிப்பதைத் தொழிலின் ஒரு பகுதியாக வைத்திருக்கிற டாக்டர் நானே அவ்வளவு படிப்பதில்லை. தபாலில் வரும் மருத்துவ இதழ்கள் என் மேஜையிலும் உறை பிரிக்காமல்தான் கிடக்கின்றன. ஆகவே நேரம் உங்களிடம் இருந்திருக்கிறது. ஆனால் அந்த நேரத்தைத் தூக்கத்தின் கணக்கிலிருந்து எடுத்திருக்கிறீர்கள். பன்னிரண்டரைக்குப் படுத்து ஐந்துக்கு எழுந்தால் நாலரை மணி நேரத் தூக்கம். வளர்ந்தவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். தூக்கம் தொடர்ந்து குறைந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது, மறுநாள் பசியும் இனிப்பு ஆசையும் கூடும். சர்க்கரை வராமலிருக்கப் படிக்கிறேன் என்று ராத்திரி கண் விழிப்பது, கடனை அடைக்க வட்டிக்கு வாங்குவது மாதிரி.

அதனால் நாலு மணிக்கு எழுவது வேண்டவே வேண்டாம். அந்தத் தோழி ஒன்பது மணிக்கே படுக்கிறாரோ என்னவோ. அவர் வீட்டுப் பாத்திரத்தை யார் கழுவுகிறார்களோ, நமக்குத் தெரியாது.

முதலில் படிக்க வேண்டியது உங்கள் பீரோவிலேயே இருக்கிறது

முகாம் ரிப்போர்ட்டில் ஹெச்பிஏ1சி என்ற சர்க்கரைச் சோதனைக்கு நேரே உள்ள 6.1 என்ற எண்ணை மட்டும் யாரோ பேனாவால் வட்டமிட்டிருக்கிறார்கள். நீங்களும் ஏழு மாதமாக அந்த வட்டத்துக்குள்ளேயே நின்றுவிட்டீர்கள். அதே தாளில், மேலே நாலாவது வரியைப் பாருங்கள். ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் 9.2. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே போனால் ரத்தசோகை, 8க்கும் 10.9க்கும் இடையில் என்றால் அது நடுத்தர அளவு ரத்தசோகை, லேசானது அல்ல. அதற்கு நாலைந்து வரி தள்ளி எம்சிவி 71 என்று இருக்கிறது. ரத்தச் சிவப்பணுக்களின் சராசரி அளவு அது. 80க்கு மேல் இருக்க வேண்டும். அணுக்கள் சிறுத்திருக்கின்றன என்றால் முதல் சந்தேகம் இரும்புச் சத்துக் குறைவு. மாதம் எட்டு நாள் ரத்தப்போக்கு என்று நீங்கள் போகிற போக்கில் எழுதியதையும் இதன் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

மாடி ஏறினால் மூச்சு வாங்குவது சோம்பேறித்தனம் இல்லையம்மா. ஆக்ஸிஜனைச் சுமக்க ஆள் போதவில்லை. 10,000 அடி வராததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். இதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. இவ்வளவு பேருக்கு இருப்பதாலேயே யாரும் அதை வட்டமிடுவதில்லை போலும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஹெச்பிஏ1சி என்பது ஹீமோகுளோபினில் ஒட்டியிருக்கும் சர்க்கரையின் அளவு. சுமார் இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும். இரும்புச் சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் அந்த எண் உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டலாம். 5.7 முதல் 6.4 வரை சர்க்கரைக்கு முந்தைய நிலை என்பது பொதுக் கணக்கு, உங்கள் 6.1 அதில் நடுவில் விழுகிறது. அதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு ரத்தசோகையின் வேலை என்று இந்தத் தாளை வைத்து மட்டும் சொல்ல முடியாது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 104 இருப்பதாலும் அப்பாவுக்கு இருந்ததாலும் அலட்சியமாக விடவும் முடியாது. 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனை இதைத் தெளிவாக்கும். இரண்டு மணி நேரத்தில் 140க்குக் கீழே இருந்தால் நல்லது. 140 முதல் 199 வரை முந்தைய நிலை. 200ஐத் தொட்டால் சர்க்கரை நோய்க்கான அளவு.

இப்போது அந்த க்ரீன் டீ. டீயில் இருக்கும் துவர்ப்புப் பொருள்கள் சாப்பாட்டில் உள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கும். சாதா டீயும் அப்படித்தான், க்ரீன் டீயும் அப்படித்தான், காபியும் ஓரளவுக்கு அப்படித்தான். மதியச் சாப்பாட்டில் கீரையை வைத்து, அதன் மேலேயே டீயை ஊற்றி, ஏழு மாதமாக இரும்பை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். ராகியும் நல்ல தானியம்தான். ஆனால் அதிலுள்ள இரும்பை எடுக்கவிடாத பொருள்களும் அதிலேயே இருக்கின்றன. இரும்புக்காக அதை மட்டுமே நம்ப முடியாது. அந்த வீடியோக்களில் சொன்னவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் யாருக்கோ சொன்னார்கள். உங்கள் நாலாவது வரி அவர்களுக்குத் தெரியாது.

டீ வேண்டுமென்றால் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். சாப்பாட்டோடு எலுமிச்சை, நெல்லி, கொய்யா ஏதாவது இருந்தால் இரும்பு ஏறுவதற்கு உதவும். ஆனால் 9.2ஐ உணவால் மட்டும் சீக்கிரம் தூக்கிவிட முடியாது, மாத்திரை தேவைப்படும். எந்த மாத்திரை, எவ்வளவு நாள் என்பதை உங்களைப் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்யட்டும். எட்டு நாள் ரத்தப்போக்குக்கு மகப்பேறு மருத்துவரைத் தனியாகப் பாருங்கள். 44 வயதில் கர்ப்பப்பைக் கட்டி, தைராய்டு இரண்டையும் பார்த்துவிட வேண்டும். ஓட்டையை அடைக்காமல் தொட்டியை நிரப்பிப் பயனில்லை.

இதற்கு ஆகும் செலவு

"டெஸ்ட் எடுக்கப் போனா ரெண்டாயிரம் மூவாயிரம் ஆகும்னு தள்ளிப் போட்டுட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்ததும் சிரித்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். கம்பெனிக்கு மாதாமாதம் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம்) சலான் போடுவது உங்கள் வேலை என்று இரண்டாம் பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஈ.எஸ்.ஐ. தையல் ஆட்களுக்கும் செக்கிங் ஆட்களுக்கும் மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் போலிருக்கிறது. சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் கணக்கு எழுதுகிறவருக்கும் அது உண்டு. உங்கள் சம்பளச் சீட்டிலேயே 0.75 சதவீதம் பிடித்திருப்பார்கள், எடுத்துப் பாருங்கள். மருந்தகத்தில் பார்த்து, தேவைப்பட்டால் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு எழுதி வாங்கலாம். உங்களோடு சேர்த்து உங்களைச் சார்ந்த குடும்பத்தாருக்கும் மருத்துவ வசதி உண்டு. பிடித்தம் இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேட்பதற்கு உங்களைவிடத் தகுதியான ஆள் அந்த ஆபீஸில் இல்லை.

சிகிச்சை எடுக்கும் இடத்தில் உங்கள் மருத்துவ ஆவணங்களின் நகலைக் கேட்கவும் உரிமை உண்டு. மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடும் இடங்களில், "இந்தத் தாளில் வட்டம் போடாத எண்களில் எதுவும் கவலைப்பட வேண்டியதா டாக்டர்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். எங்களுக்கும் அது நல்லது. அவசரத்தில் நாங்களும் வட்டத்தை மட்டும் பார்த்துவிடுகிறோம்.

நேரம்

இப்போது நீங்கள் கேட்ட முதல் கேள்விக்கு வருகிறேன். வாரத்துக்கு முப்பத்தைந்து நிமிடம் போதும். புதன்கிழமை மதியம் சாப்பாட்டு இடைவேளையில் பதினைந்து நிமிடம், ஞாயிறு மதியம் இருபது நிமிடம். பஸ்ஸில் படித்தால் தலை சுற்றுகிறது என்று எழுதியிருப்பதால் பஸ்ஸை விட்டுவிட்டேன். அங்கே கண்ணை மூடிக்கொண்டு வாருங்கள். ராத்திரி பத்தரைக்கு மேல் போன் படுக்கையறைக்கு வெளியே. காலை அலாரத்துக்குப் போன் வேண்டுமே என்பீர்கள். இருநூறு ரூபாய்க்குள் ஒரு அலாரம் கடிகாரம் கிடைக்கும்.

வெறும் முப்பத்தைந்து நிமிடத்தில் என்ன படிக்க முடியும் என்று தோன்றும். வாரத்துக்கு ஒரு கேள்வியை எழுதி வைத்துக்கொண்டு அதற்குப் பதில் மட்டும் தேட முடியும். "சர்க்கரை நோய்" என்பது கேள்வி ஆகாது, அது ஒரு கடல். "என் மதியச் சாப்பாட்டில் சோற்றைக் குறைத்தால் அந்த இடத்தில் என்ன வைப்பது?" என்பது கேள்வி. "இரும்பு மாத்திரையை எப்போது சாப்பிடுவது, மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டுமா?" என்பது கேள்வி. (பயப்பட வேண்டாம், இரும்பு மாத்திரைக்கு அது சகஜம்.) பதில் கிடைத்தால் அடுத்த புதன் வரை அதைச் செய்து பாருங்கள். கிடைக்கவில்லையென்றால் டாக்டரிடம் கேட்க வைத்திருக்கும் தாளில் அதை எழுதுங்கள். 214 வீடியோ சேர்ந்ததற்குக் காரணம் ஆர்வக்குறைவு இல்லை. ஒன்றைப் பார்க்கும்போது எந்தக் கேள்விக்காக அதைப் பார்க்கிறோம் என்று தெரியாமல் பார்த்ததுதான். அவற்றை அழித்துவிடுங்கள் என்று சொல்லலாம், மனசு வராது. இருக்கட்டும், ஆனால் புதிதாக ஒன்றும் சேர்க்காதீர்கள்.

கொஞ்சம் படித்தால் போதுமா என்ற சந்தேகத்துக்குச் சென்னையிலேயே ஒரு பதில் இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சர்க்கரைக்கு முந்தைய நிலையில் இருந்த, வேலைக்குப் போகும் 537 ஆண்களை இரண்டாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் தொடக்கத்தில் வழக்கமான உணவு, உடற்பயிற்சி ஆலோசனை கொடுத்தார்கள். ஒரு பாதிக்கு மட்டும் அதற்குப் பிறகு வாரம் இரண்டு முதல் நான்கு குறுஞ்செய்தி. அந்தக் காலத்து எஸ்எம்எஸ். படம் கிடையாது, பாட்டு கிடையாது. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், குறுஞ்செய்தி வராதவர்களில் 27 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்திருந்தது. குறுஞ்செய்தி வந்தவர்களில் 18 சதவீதம் பேருக்கு. அது ஆண்களிடம் மட்டும் நடந்த ஆய்வு, உங்களுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். இருந்தாலும் இரண்டு வரி, திரும்பத் திரும்ப, கையில் செய்யக்கூடியதாக வந்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அது நல்ல உதாரணம். உங்கள் கேள்விக்குக் கிடைத்த பதிலை ஒரு வரியாக எழுதி அரிசி டப்பாவின் மூடியில் ஒட்டுங்கள். உங்கள் குறுஞ்செய்தி அதுதான்.

ஒரு விஷயத்தைத் தயக்கத்தோடு சொல்கிறேன். ஞாயிறு மதியம் இருபது நிமிடம் என்று நான் எழுதுவது சுலபம். வாரம் முழுக்கத் தைத்துக் களைத்த கணவர், படிக்கிற பிள்ளைகள், மாமியார் எல்லோரும் வீட்டில் இருக்கிற நாள் அது. அந்த இருபது நிமிடத்தை நீங்கள் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. வீட்டார் கொடுக்க வேண்டும். ராத்திரிப் பாத்திரத்தை எட்டாம் வகுப்புப் பையன் வாரத்துக்கு மூன்று நாள் கழுவலாம், கை தேய்ந்துவிடாது. கணவரிடம் இந்த ரிப்போர்ட்டைக் காட்டி நாலாவது வரியை விளக்குங்கள். எந்நேரமும் போனுதானா என்று அவர் கேட்டது சண்டைக்காக இல்லை என்றே எனக்குப் படுகிறது. ராத்திரி பன்னிரண்டரைக்கு மனைவி முகத்தில் வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தால் யாரும் கேட்பார்கள்.

நடப்பதற்குப் படிப்பு வேண்டாம்

முழுதும் தெரிந்துகொண்டுதான் ஆரம்பிப்பேன் என்பதுதான் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்திய வரி. மருந்தைத் தொடங்கவும் நிறுத்தவும் தெரிந்துகொண்டுதான் ஆக வேண்டும். நடக்க வேண்டியதில்லை. 10,000 அடி என்ற எண் எந்த மருத்துவ ஆய்விலிருந்தும் வந்ததல்ல; 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரே "பத்தாயிரம் அடி மீட்டர்" என்ற பொருளுடையது. அது அப்படியே உலகம் சுற்றி உங்கள் போனுக்கு வந்துவிட்டது. 2019இல் அமெரிக்காவில் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட வயதான பெண்களைக் கவனித்த ஆய்வில், தினம் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு கணிசமாகக் குறைவாக இருந்தது. 7,500 அடியைத் தாண்டியபின் மேற்கொண்டு பலன் கூடவில்லை. அவர்களின் சராசரி வயது 72, உங்களுக்கு 44. ஆனாலும் 4,500 அடியைத் தோல்வி என்று எழுதிக்கொண்டு நடப்பதையே நிறுத்தியதற்கு நியாயமில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, இரண்டு நாளாவது தசைக்கு வேலை. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது இருந்தால்தான் கணக்கு என்று முன்பு இருந்த நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள். பஸ் நிறுத்தத்துக்கு நடப்பதும் கணக்குதான். ஆனால் உங்களுக்கு இப்போதைக்கு 150 இலக்கு வேண்டாம். ஹீமோகுளோபின் ஏறும்வரை சாப்பிட்டபின் பத்து நிமிடம், பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில். படபடப்பு, நெஞ்சு இறுக்கம், கண் இருட்டுவது எதுவாக இருந்தாலும் நின்றுவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

யாரை நம்புவது

இதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. வவுச்சர் இல்லாமல் நீங்கள் ஒரு ரூபாயைப் பதிவு போடுவீர்களா? முதலாளியே வந்து சொன்னாலும் பில் எங்கே என்று கேட்பீர்கள். உடல்நலச் செய்திக்கும் அதே பழக்கம்தான். சொல்பவர் யார், எதையாவது விற்கிறாரா, எப்போது சொன்னது, யாரிடம் சோதித்தது: எலியிடமா, ஆண்களிடமா, உங்களைப் போன்றவரிடமா. வவுச்சர் கிடைக்காததைத் தூக்கி எறியவும் வேண்டாம், நம்பவும் வேண்டாம். சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வையுங்கள். பெரும்பாலானவை வருடக் கடைசி வரை அங்கேயே கிடக்கும்.

சதவீதத்தைப் பார்த்தால் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். மேலே சொன்ன சென்னை ஆய்வையே எடுங்கள். "மூன்றில் ஒரு பங்கு குறைந்தது" என்றும் எழுதலாம்; "நூறு பேரில் ஒன்பது பேருக்கு வராமல் தடுத்தது" என்றும் எழுதலாம். இரண்டும் ஒரே கணக்கு. முதலாவது விளம்பரத்துக்கு நல்லது, இரண்டாவது முடிவெடுக்க நல்லது. எதிலிருந்து எதற்குக் குறைந்தது என்று சொல்லாத சதவீதம், தொடக்க இருப்பு இல்லாத பேரேடு.

அரிசி விஷமா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. அளவும் தட்டில் கூட இருப்பதும்தான் விஷயம். மூன்று வாரம் அடியோடு நிறுத்தியதால்தான் நாலாவது வாரம் அவ்வளவு வெறியோடு சாப்பிட்டீர்கள். சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தில் காய், பருப்பு, சுண்டல், முட்டை வையுங்கள். அசைவம் சாப்பிடுவீர்களா என்று எழுதவில்லை. சாப்பிட்டால் ஆட்டு ஈரல் எப்போதாவது நல்லது, அதிலுள்ள இரும்பை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் இந்தியர்களுக்கான உணவு நெறிகளைப் புதுப்பித்து வெளியிட்டிருக்கிறது. பதினேழு நெறிகள், இலவசம். ஞாயிறு ஒன்றுக்கு ஒரு நெறி என்று மகளோடு உட்கார்ந்து படித்தால் நாலு மாதத்தில் முடிந்துவிடும். பீரோ மேல் உள்ள இரண்டு புத்தகத்தை அதற்கப்புறம் பிரிக்கலாம்.

அதில் கடைசி நெறியே உணவுப் பொட்டலத்தின் லேபிளைப் படியுங்கள் என்பதுதான். படிக்க நேரமில்லாதவர்களுக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது, மளிகைக் கடையில் நின்றபடியே முடிந்துவிடும். உட்பொருள் பட்டியலில் எது எடையில் அதிகமோ அது முதலில் வரவேண்டும் என்பது விதி. ராகி பிஸ்கட் என்று நீங்கள் பையனுக்கு வாங்குவதில் ராகி எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று இன்றைக்கே திருப்பிப் பாருங்கள். மைதாவும் சர்க்கரையும் முன்னால் நின்றால் அது ராகி தூவிய மைதா பிஸ்கட். சேர்க்கப்பட்ட சர்க்கரை எவ்வளவு என்பதும் தனி வரியாக இருக்கும்.

அந்தப் பொடி

வாங்காதீர்கள். சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தின் அட்டவணையில் சர்க்கரை நோய் பெயரோடு இருக்கிறது. டப்பாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதே என்று நாத்தனார் சொன்னால், அது உணவுக்கான உரிமம். அதை வைத்துக்கொண்டு நோயைத் தீர்க்கும் என்று சொல்லவும் அனுமதி கிடையாது. இதுபோன்ற சில பொடிகளில் லேபிளில் சொல்லாமலே ஆங்கில மருந்தைக் கலந்திருப்பதும் நடக்கிறது. சர்க்கரை திடுமென இறங்கி மயங்கி விழுந்தால் என்ன சாப்பிட்டீர்கள் என்று எங்களால் கண்டுபிடிக்கக்கூட முடியாது. நாத்தனாரிடம் சண்டை போட வேண்டாம். "டாக்டர் டெஸ்ட் எழுதியிருக்காங்க, அது வரட்டும்" என்றால் போதும், பொய்யும் இல்லை.

இந்த வாரம்

ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போகும்போது பழைய ரிப்போர்ட்டை மடிக்காமல் எடுத்துப் போங்கள். ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் சோதனை), குளுக்கோஸ் சோதனை, தைராய்டு மூன்றையும் கேளுங்கள். ஃபெரிட்டின் குறைவாக வந்தால் இரும்புக் குறைவு உறுதி. சிகிச்சை முடிந்து ஹீமோகுளோபின் சீரான பிறகு, இரண்டு மூன்று மாதம் விட்டு ஹெச்பிஏ1சியைத் திரும்பப் பாருங்கள். அப்போது வருகிற எண்ணைத்தான் நான் நம்புவேன். ஃபெரிட்டின் சரியாக இருந்து எம்சிவி மட்டும் குறைவாகவே இருந்தால் கதை வேறு. தலசீமியா என்ற பரம்பரைக் கூறு ஒன்று இருக்கிறது. இருப்பவருக்குப் பெரும்பாலும் தொந்தரவு தராது, ஆனால் அதற்குத் தனிச் சோதனை உண்டு. இருந்தால் பிள்ளைகள் இருவருக்கும் பார்க்க வேண்டியிருக்கும். மகளின் கல்யாணப் பேச்சு வருவதற்குள் தெரிந்திருப்பது நல்லது. கணவன் மனைவி இருவருக்குமே அந்தக் கூறு இருந்தால்தான் பிறக்கும் குழந்தைக்குக் கடுமையாக வரலாம். இதைப் பற்றி இப்போதே தேடிப் படிக்க ஆரம்பித்துவிடாதீர்கள். ரிசல்ட் வந்ததும் அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து படிப்போம்.